பென்சிலால் எழுதிய பெயர்கள்

மே மாதம் இரண்டாம் வாரம். செமஸ்டர் தேர்வு முடிந்து கல்லூரி வெறிச்சோடிக் கிடந்தது. கணிதத் துறையின் கௌரவ விரிவுரையாளர், அதாவது நிரந்தரப் பணி இல்லாத தொகுப்பூதிய ஆசிரியர், ஒருவர் என் அறை வாசலில் நின்றார்.

"மேடம், அனுபவச் சான்றிதழ் வேணும்."

"உள்ளே வாங்க சார், உட்காருங்க."

பதிவேட்டைப் புரட்டி எழுதினேன். ஒன்பது ஆண்டுகள். பிஎச்.டி. முடித்தவர், கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்விலும் தேர்ச்சி பெற்றவர். மாதம் 25,000 ரூபாய், அதுவும் 11 மாதங்களுக்குத்தான். மே மாதம் சம்பளம் கிடையாது. அந்த மாதம் ஒரு அச்சகத்தில் கணக்கு எழுதப் போவதாகச் சொன்னார். இவரைப் போன்றவர்களுக்கு வகுப்புக்கு 1,500 ரூபாய் வீதம் மாதம் 50,000 வரை தரலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி சொன்னது 2019-ல்.

நான் தாவரவியல்காரி. அரசு கலைக் கல்லூரி ஒன்றில் துறைத்தலைவராக இருந்தவள். நிரந்தர முதல்வர் போடப்படாததால், மூத்தவர் என்ற முறையில் ஓய்வு பெறும்வரை பொறுப்பு முதல்வராகவும் இருந்தேன். காலையில் பாசிகளைப் பற்றி வகுப்பு, அப்புறம் கோப்புகள். கல்லூரி திறந்த புதிதில் உதவித்தொகைக்கான போனஃபைடு சான்றிதழில் மட்டும் ஒரு நாளைக்கு இருநூறு கையெழுத்து போட்டிருக்கிறேன்.

எங்களிடம் படிக்க வரும் பிள்ளைகளில் பாதிக்கு மேல் வீட்டில் முதலில் கல்லூரி வாசலை மிதித்தவர்கள். 2022-ல் புதுமைப் பெண் திட்டம் வந்தது. மாதம் 1,000 ரூபாய் நேராகப் பெண்ணின் வங்கிக் கணக்குக்கு வருகிறது. பூப்பறிக்கப் போக நிறுத்திய பெண்ணை அம்மாவே மறுபடி அழைத்துவந்து விட்டதைப் பார்த்திருக்கிறேன். 2021-22 கணக்கெடுப்பில் உயர்கல்வி சேர்க்கை விகிதம் தமிழ்நாட்டில் 47 சதவீதம், நாட்டில் 28.4. இதில் எனக்குப் பெருமைதான்.

சேர்க்கைக்குக் கூட்டம் அலைமோதும்போது 20 சதவீதம் இடங்களைக் கூட்டிக்கொள்ள அரசு அனுமதி தரும். அறுபது பேர் இருந்த வகுப்பில் எழுபத்திரண்டு பேர். ஆசிரியர் எண்ணிக்கை மட்டும் ஏறுவதில்லை. ஆய்வகத்தில் பதினாறு நுண்ணோக்கிகள், அதில் மூன்றின் லென்ஸில் பூஞ்சை. வெங்காயத் தோலை ஒரு பிள்ளை பார்த்து முடிப்பதற்குள் பின்னால் நிற்கும் ஐந்து பேருக்கு மணி அடித்துவிடும்.

கால அட்டவணையை ஒரு பெரிய சார்ட் அட்டையில் போடுவேன். நிரந்தர ஆசிரியர்களைப் பேனாவால் எழுதுவேன், கௌரவ விரிவுரையாளர்களைப் பென்சிலால். யார் தொடர்வார்கள், யார் வேறு வேலைக்குப் போய்விடுவார்கள் என்று தெரியாது. மதியம் நடக்கும் ஷிப்ட் இரண்டின் அட்டவணை கிட்டத்தட்ட முழுக்கப் பென்சில்தான்.

கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் (NAAC) குழு வருவதற்கு முன் அறிக்கை தயாரிக்கும்போதுதான் எனக்கு மனம் மிகவும் வலித்தது. அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் எத்தனையில் முழுநேர ஆசிரியர்கள் இருக்கிறார்கள் என்று ஒரு கேள்வி உண்டு. ஆளை நியமிக்கும் அதிகாரம் முதல்வருக்கு இல்லை, ஆனால் காலியிடத்துக்காகக் குறைகிற மதிப்பெண் கல்லூரியின் தலையில் விடியும். "ஏன் இத்தனை காலி?" என்று குழு கேட்டால் பதில் சொல்ல வேண்டியவளும் நான்தான். 2024 மார்ச்சில் 4,000 உதவிப் பேராசிரியர் பணியிடங்களுக்கு அறிவிப்பு வந்தபோது எங்கள் ஆட்கள் கொண்டாடினார்கள். அப்புறம் தேர்வு தள்ளிப்போனது.

மேலே பார்த்தாலும் இதே கதை. 1857-ல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகத்தில் 2023 ஆகஸ்டில் துணைவேந்தரின் பதவிக்காலம் முடிந்தது. அடுத்தவரை யார் நியமிப்பது என்று ஆளுநருக்கும் அரசுக்கும் நடந்த இழுபறி உச்ச நீதிமன்றம் வரை போனது. நாற்காலி நெடுநாள் காலியாகவே கிடந்தது. கல்வியில் யார் கை ஓங்குகிறது என்பதைவிட, முடிவெடுக்க ஒரு ஆள் இருப்பது முக்கியம் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

அன்று சான்றிதழில் கையெழுத்துப் போட்டு முத்திரை வைத்துக் கொடுத்தேன். மண்டல இணை இயக்குநரின் மேலொப்பம் வாங்க அவர் இன்னொரு நாள் பஸ் ஏற வேண்டும். எழுந்தவர் தயங்கி நின்றார்.

"கல்லூரி திறந்ததும் முதலாமாண்டு கால்குலஸ் எனக்கே போடுங்க மேடம். பிள்ளைங்க பயப்படுற பாடம்."

அவர் போனதும் சார்ட்டை விரித்து, அந்தக் கட்டத்தில் அவர் பெயரைப் பேனாவால் எழுதினேன்.