முதல் வரைவுக்குப் பிறகு

நாவலின் முதல் வரைவை முடிப்பதற்கு ஆலோசனை சொல்ல ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். தினமும் உட்கார், எழுதியதைத் திரும்பிப் பார்க்காதே, எப்படியாவது முடித்துவிடு என்பார்கள். எனக்கும் அது உதவியது. ஆனால் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள் கணினியில் வந்து சேர்ந்தபிறகு அடுத்து என்ன என்று கேட்டால், "எடிட் பண்ணுங்க" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. யாரும் விளக்காத அந்தக் காலத்தை எப்படிக் கடந்தேன் என்று எழுதிவைக்கிறேன்.

என் நாவலின் கதை சிக்கலானதல்ல. தந்தை இறந்துபோகிறார். அவர் நடத்திய அச்சகத்தை விற்பதா, தொடர்ந்து நடத்துவதா என்று அண்ணனுக்கும் தம்பிக்கும் இழுபறி. அச்சகத்தின் கணக்கை ஆரம்பம் முதல் எழுதிவருபவர் அவர்களுடைய அத்தை. முதல் வரைவில் கதை பெரும்பாலும் அண்ணனின் பார்வையில் நடந்தது.

சில வாரங்கள் கோப்பைத் திறக்காமல் இருந்துவிட்டு, எழுதும்போது பயன்படுத்தாத வேறொரு எழுத்துருவில் அச்செடுத்தேன். எழுத்துரு மாறியதாலேயே பக்கங்கள் கொஞ்சம் அந்நியமாகிவிட்டன. படிக்கும்போது திருத்தக் கூடாது, ஓரத்தில் ஒரு கோடு மட்டும் போடலாம் என்று வைத்துக்கொண்டேன். கண் தானாகத் தாவிச் சென்ற இடங்களுக்குத்தான் அந்தக் கோடு. எழுதிய எனக்கே அலுக்கும் பத்தி வாசகருக்கு இனிக்கப்போவதில்லை அல்லவா? இதில் ஒரு வேடிக்கை, நான் பெருமையாக நினைத்திருந்த வர்ணனைகளில் பாதிக்குப் பக்கத்தில் கோடு விழுந்திருந்தது.

அதன்பிறகு செய்ததுதான் இந்த வேலையின் முதுகெலும்பு. நாவலில் உள்ள ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு வரி என்று ஒரு அட்டவணை போட்டேன். காட்சி யார் கண் வழியே நடக்கிறது, அவர் எதை வேண்டி உள்ளே வருகிறார், வெளியேறும்போது என்ன மாறியிருக்கிறது, வாசகருக்குப் புதிதாக என்ன தெரிகிறது, எந்த மாதம், எந்தக் கிழமை. எழுதுவதற்கு முன் போடும் திட்டத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அது நாம் ஆசைப்படும் நாவல். இது நிஜமாகவே தாளில் இருக்கும் நாவல். நிரப்ப உட்கார்ந்தால் அலுப்புத் தட்டும், ஆனால் குறுக்கு வழி கிடையாது.

'என்ன மாறியது' என்ற கட்டம் பல வரிகளில் காலியாகவே நின்றது. அண்ணனும் தம்பியும் திரும்பத் திரும்பச் சண்டை போட்டார்கள். சண்டைகள் தனித்தனியாக நன்றாகத்தான் இருந்தன. ஆனால் எந்தச் சண்டை முடிந்தாலும் அது தொடங்கிய இடத்திலேயே இருவரும் நின்றார்கள். இதை வாக்கிய அளவில் திருத்திச் சரிசெய்ய முடியாது. சுவர் எங்கே வரும் என்றே முடிவாகாத வீட்டுக்கு வெள்ளையடிப்பது போலத்தான் ஆகும். மூன்று சண்டைகளை எடுத்துவிட்டு, அவற்றிலிருந்த நல்ல வசனங்களை மீதமிருந்த சண்டைகளுக்குக் கொடுத்தேன். மிஞ்சிய ஒவ்வொன்றின் முடிவிலும் யாராவது ஒருவர் திரும்பப் பெற முடியாத ஒன்றைச் சொல்லியாக வேண்டும், அல்லது செய்தாக வேண்டும் என்பதை விதியாக வைத்துக்கொண்டேன்.

அட்டவணை காட்டிய இன்னொரு விஷயம், யாருக்கு எப்போது என்ன தெரியும் என்பது. அச்சகத்தை அடமானம் வைத்துவிட்டுத்தான் தந்தை இறந்தார். வாசகருக்கு இது நான்காம் அத்தியாயத்திலேயே தெரிந்துவிடுகிறது. மகன்களுக்கு வெகு தாமதமாகத்தான் தெரியும். இடையில் பதைபதைப்பு இருக்க வேண்டும், ஆனால் இல்லை. காரணத்தைப் பிடிக்க நாளாயிற்று. வாசகருக்குத் தெரிந்த ஒன்று பாத்திரத்துக்குத் தெரியாமல் இருந்தால் மட்டும் பதற்றம் வந்துவிடாது. தெரியாத அந்த ஆள் அதன் மேல் நின்று எதையாவது செய்ய வேண்டும். என் தம்பிப் பாத்திரம் எதுவும் செய்யாமல் உட்கார்ந்திருந்தான். அடமானம் தெரியாமலே அவன் புது இயந்திரம் ஒன்றுக்கு நண்பனிடம் கடன் வாங்கி முன்பணம் கொடுக்கிறான் என்று ஒரு காட்சியைச் சேர்த்தேன். அதற்குப் பிறகு வரும் காட்சிகளில் ஒரு சொல்கூட மாற்றவில்லை. அவன் சிரித்துப் பேசிய பழைய இடங்களே இப்போது வயிற்றைப் பிசைந்தன.

அடுத்து, அத்தை. நகர்வு உள்ள காட்சிகளை மட்டும் பச்சை நிறத்தில் குறித்தபோது, அவற்றில் பெரும்பாலானவற்றில் அத்தை அந்த அறையில் இருந்தார். காபி கொண்டுவந்து வைப்பார், நோட்டைப் புரட்டுவார், ஒன்றும் சொல்லமாட்டார். அடமான விவரம் முதலிலிருந்தே தெரிந்தவரும் அவர்தான், கணக்கு அவர் கையில் அல்லவா இருக்கிறது? நாவலின் சுமை முழுவதையும் ஏற்றிக்கொண்டிருந்தவருக்கு ஒரு பக்கம்கூடச் சொந்தமாக இல்லை.

நாவலின் பாதிக்கும் மேற்பட்ட பகுதியை அத்தையின் பார்வைக்கு மாற்றினேன். 'அவன் நினைத்தான்' என்ற இடத்தில் 'அவள் நினைத்தாள்' என்று போட்டுவிட்டு நகர முடியாது. கண் மாறினால் காணும் பொருளும் மாறுகிறது. பழைய அச்சு இயந்திரம் அண்ணனுக்கு எடைக்குப் போட வேண்டிய இரும்பு. அத்தைக்கு அதே இயந்திரம் எந்த வருடம் யாரிடம் வாங்கிய கடன், எத்தனை தவணை பாக்கி விழுந்தது என்ற கணக்கு. அவர் அதை வர்ணிக்கவே மாட்டார், தொகையாகத்தான் நினைவுகூர்வார். இது பிடிபட்டதும் வர்ணனை எழுதுவதில் இருந்த தயக்கம் போய்விட்டது. பார்ப்பவருக்கு அந்தப் பொருளோடு என்ன கொடுக்கல் வாங்கல் என்று கேட்டுக்கொண்டால் எதை விட வேண்டும் என்பதும் சேர்ந்தே தெரிந்துவிடுகிறது.

இத்தனை மாற்றங்களையும் பழைய கோப்புக்குள் செய்யவில்லை. வெற்றுக் கோப்பு ஒன்றைத் திறந்து, அச்செடுத்த தாள்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முதல் வரியிலிருந்து மறுபடி தட்டச்சு செய்தேன். கேட்பவர்கள் இதைப் பைத்தியக்காரத்தனம் என்பார்கள். ஆனால் இருக்கும் பத்தியை அழிக்க மனசு வராது, நாலு சொல்லை நகர்த்திவிட்டுத் திருப்திப்பட்டுக்கொள்வோம். அதையே விரலால் திரும்ப அடிக்க வேண்டும் என்றால் சோம்பேறிப் பத்திகளுக்குக் கை ஒத்துழைக்காது. நாவல் மூன்றில் ஒரு பங்கு இளைத்தது இப்படித்தான்.

முன்கதை எனக்குப் பெரிய தலைவலி. அத்தை ஏன் அந்த வீட்டிலேயே தங்கிவிட்டார் என்பதை ஒரு முழு அத்தியாயமாக எழுதி வைத்திருந்தேன். எங்கே வைத்தாலும் கதை அங்கே படுத்துக்கொண்டது. வழி கிடைத்தது ஒரு பழைய கடிதப் போக்குவரத்திலிருந்து. அமெரிக்க எழுத்தாளர் ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்ட் 'தி கிரேட் கேட்ஸ்பி' நாவலின் கைப்பிரதியை அனுப்பியபோது அவருடைய பதிப்பாசிரியர் மாக்ஸ்வெல் பெர்கின்ஸ் 1924 நவம்பரில் பதில் எழுதினார். பெரிதும் பாராட்டிவிட்டு, நாயகன் கேட்ஸ்பி மட்டும் மங்கலாகத் தெரிகிறான் என்றார். அவனுடைய கடந்தகாலம் ஒரே இடத்தில் மொத்தமாக வருவதைவிட, கதையின் ஓட்டத்தில் கொஞ்சம் கொஞ்சமாக வெளிப்படலாமே என்பதும் அவர் சொன்னதில் அடக்கம். ஃபிட்ஸ்ஜெரால்ட், அச்சுக்கு முன் பிழைதிருத்த வரும் மெய்ப்புத் தாள்களிலேயே அத்தியாயங்களைக் கலைத்து அடுக்கினார், அவனுடைய இளமைக்கதையில் ஒரு பகுதியை முன்னால் கொண்டுவந்தார். 1925 ஏப்ரலில் வெளியானது அந்த வடிவம்தான்.

என் அத்தியாயத்தைத் தனித்தனிச் செய்திகளாகப் பிரித்து எழுதிக்கொண்டேன். ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்வி: இது தெரியாவிட்டால் எந்தக் காட்சி புரியாது? பதில் கிடைத்த செய்தியை அந்தக் காட்சிக்குச் சற்று முன்னால் வைத்தேன், இரண்டு மூன்று வாக்கியத்துக்கு மேல் நீளவிடாமல். பதில் கிடைக்காத செய்திகள்தான் அதிகம். அவை எனக்கு மட்டும் தெரிந்தால் போதும்.

காலக்கணக்கைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அட்டவணையின் கடைசிக் கட்டத்தைச் சரிபார்த்தால் போதும். என் நாவலில் ஒரு குழந்தை ஒரே பள்ளியாண்டுக்குள் இரண்டு வகுப்பு தாண்டியிருந்தது.

இந்தக் கட்டத்தில்தான் மற்றவர்களிடம் படிக்கக் கொடுத்தேன். "எப்படி இருக்கு?" என்று கேட்டால் "நல்லா இருக்கு" என்றுதான் வரும், நண்பர்கள் வேறென்ன சொல்வார்கள்? எந்த இடத்தில் கீழே வைத்தீர்கள், யாருடைய பெயர் மறந்துபோனது, அடுத்து என்ன நடக்கும் என்று எந்த இடத்தில் நினைத்தீர்கள் என்று கேட்டேன். இந்தக் கேள்விகளுக்கு மரியாதைக்காகப் பொய் சொல்வது கஷ்டம். அவர்கள் தரும் தீர்வுகளை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதும் போகப்போகத் தெரிந்தது. அத்தை பேருந்தில் போகும் காட்சி நீளம், குறையுங்கள் என்று இரண்டு பேர் சொன்னார்கள். அலுப்பு உண்மை, ஆனால் அந்தக் காட்சியில் குறைக்க ஒன்றுமில்லை. அவர் எதற்காகப் போகிறார் என்பது அதற்கு முந்தைய காட்சியில் சொல்லப்படவில்லை. அங்கே ஒரு வரி சேர்த்தேன். அடுத்துப் படித்தவர் பேருந்துக் காட்சியைத்தான் முதலில் பாராட்டினார்.

வாக்கியங்களுக்கு வந்தது எல்லாவற்றுக்கும் பிறகுதான். பிரெஞ்சு எழுத்தாளர் ஃப்ளோபேர் 1851இல் தொடங்கி 1856 வரை 'மேடம் போவாரி' என்ற ஒரே நாவலோடு மல்லுக்கட்டியவர், எழுதிய வாக்கியத்தை உரக்கக் கத்திப் பார்க்கும் பழக்கம் உள்ளவர். கத்துகிற அளவுக்கு எனக்குத் துணிச்சல் இல்லை, வாய்விட்டுப் படித்தேன். தமிழில் வினைமுற்று வாக்கியத்தின் கடைசியில் வந்து உட்காருவதால், தொடர்ந்து பத்து வாக்கியம் 'ஆள், ஆள்' என்று முடிந்தால் காதில் சுத்தியல் அடிக்கிறது. கண்ணுக்கு அது தெரிவதில்லை. அதற்குப் பயந்து 'எழுந்து, நடந்து, திறந்து, எடுத்து' என்று எச்சங்களைக் கோத்துக்கொண்டே போனால் மூச்சு வாங்குகிறது, எந்தச் செயல் முக்கியம் என்பதும் தெரியாமல் போகிறது. சில இடங்களில் பெயரிலேயே வாக்கியத்தை முடித்தேன், சில இடங்களில் பேச்சை நடுவில் விட்டேன். மற்ற இடங்களில் சுத்தியல் அடிக்கட்டும் என்றே விட்டுவிட்டேன், சண்டைக் காட்சிகளில் அது பொருந்துகிறது.

உரையாடலில், 'என்றான் கோபமாக', 'என்றாள் ஏக்கத்துடன்' போன்றவற்றை ஒரேயடியாக எடுத்துவிட்டுப் படித்துப் பார்த்தேன். கோபம் இன்னும் தெரிந்தால் அந்தச் சொல் தேவையே இல்லை. தெரியாவிட்டால் வசனத்தை மாற்ற வேண்டும். பெருமூச்சு, தலையாட்டல், ஜன்னல் வழியே வெறித்தல் எல்லாவற்றையும் தேடுபெட்டியில் போட்டுத் தேடினால் எண்ணிக்கை மானத்தை வாங்கும். பாத்திரம் அங்கே என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாத இடங்களில்தான் அவர்கள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அத்தைக்கு மட்டும் ஜன்னலுக்குப் பதில் நோட்டுப் புத்தகம் கொடுத்தேன். அவருக்குச் சங்கடம் வந்தால் ஏற்கெனவே கூட்டிய பக்கத்தைத் திரும்பக் கூட்டுவார்.

எப்போது நிறுத்துவது என்று கேட்கிறார்கள். காலையில் எடுத்த காற்புள்ளியை மாலையில் திரும்ப வைக்கத் தொடங்கினேன், அன்றைக்கே பதிப்பகத்துக்கு அனுப்பிவிட்டேன். மெய்ப்பு வந்தபோது மாற்றியவை பெரும்பாலும் எழுத்துப்பிழைகள்தான்.

இப்போது இரண்டாவது நாவல் பாதியில் நிற்கிறது. வரைவு முடிவதற்குள் காட்சி அட்டவணையைத் திறப்பதில்லை, திறந்தால் கட்டத்தை நிரப்புவதற்காகவே காட்சி எழுதத் தோன்றுகிறது. தேதிக் கட்டத்தை மட்டும் அவ்வப்போது நிரப்பிவைக்கிறேன், இந்தக் கதையிலும் ஒரு குழந்தை இருக்கிறது.