பெரியப்பா வீட்டு ஏசிக்கும் கேஸ் ட்ரபிள்

பெரியப்பாவுக்கு எது வந்தாலும் கேஸ்தான். நெஞ்சு வலித்தால் கேஸ், முதுகு பிடித்தால் கேஸ், முட்டி மடங்கவில்லை என்றால் கேஸ் கீழே இறங்கிவிட்டது. இப்படி எட்டு மாதம் கேஸ் என்று சொல்லிக்கொண்டிருந்த ஒரு வலி கடைசியில் பித்தப்பைக் கல்லாக வெளியே வந்தது. அந்தக் கல் இன்றைக்கும் ஷோகேஸில், சின்ன பாட்டிலில், கடிகாரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. வருகிறவர்கள் எல்லோரும் பார்த்தாக வேண்டும்.

அப்படிப்பட்ட வீட்டில் ஏசி குளிரவில்லை. பார்க்க வந்த மெக்கானிக் ஸ்க்ரூ டிரைவரைக்கூடப் பையிலிருந்து எடுக்காமல் "கேஸ் காலி சார்" என்றார். பெரியப்பா முகத்தில் அப்படியொரு திருப்தி. இந்த வீட்டில் சுவரில் தொங்குகிறதுக்கும் அதே உடம்புதானே வரும்.

ஏசி கேஸ் என்ன வண்டிக்குப் போடுகிற பெட்ரோலா, ஓட ஓடத் தீர? செப்புக் குழாய்க்குள் அடைத்துவைத்த அதே கேஸ்தான் அறைக்குள் இருக்கிற சூட்டை வாங்கி வெளியே கொட்டிவிட்டுத் திரும்ப வருகிறது. மெஷின் சாகிற வரைக்கும் அதேதான். குறைந்திருக்கிறது என்றால் எங்கேயோ ஓட்டை. பெரும்பாலும் குழாயை முடுக்கியிருக்கிற ஃப்ளேர் நட்டில், இல்லாவிட்டால் காயில் என்கிற, அரித்துப்போன குழாய்ச் சுருளில். நைட்ரஜன் அடித்து, சோப்பு நுரை தடவி, குமிழி வருகிற இடத்தைக் கண்டுபிடித்து அடைத்துவிட்டு, வேக்யூம் பம்ப் போட்டு உள்ளே இருக்கிற காற்றையும் ஈரத்தையும் இழுத்துவிட்டு, பிறகுதான் கேஸ். அதுவும் தராசில் வைத்து, லேபிளில் எத்தனை கிராம் என்று போட்டிருக்கிறதோ அத்தனை கிராம். இதில் எதுவும் இல்லாமல் "கொஞ்சம் டாப்-அப் பண்ணிடலாம்" என்றால் ஓட்டைக் குடத்துக்கு வருஷச் சந்தா கட்டுகிறோம் என்று அர்த்தம். அடுத்த கோடைக்கும் அதே ஆள், அதே வசனம்.

கேஸ் குறைந்த ஏசிக்கென்று ஒரு நடத்தை உண்டு. கேஸை அழுத்திச் சுற்றவிடுகிற கம்ப்ரசர் ஓடும், வெளி ஃபேனும் ஓடும், குளிர் மட்டும் ஏறாது. உள் காயிலில் ஒரு மூலையில் மட்டும் பனி கட்டும், வெளியே மெல்லிய குழாயின் வால்வில் வெள்ளையாகப் பூக்கும். ஃபில்டரில் போர்வை கனத்துக்கு அழுக்குப் படிந்தாலும் காயில் உறையும் என்பதால், பனியைப் பார்த்ததும் கேஸ் என்று குதிக்கவும் கூடாது. முதலில் ஃபில்டரைக் கழுவ வேண்டும். அதற்குச் செலவு ஒரு வாளித் தண்ணீர். உள்ளே போகிற காற்றுக்கும் வெளியே வருகிற காற்றுக்கும் எட்டிலிருந்து பன்னிரண்டு டிகிரி செல்சியஸ் வித்தியாசம் இருந்தால் மெஷின் ஒழுங்காக வேலை செய்கிறது, குறை அறையில்தான்.

பெரியப்பா வீட்டு ஏசி இதில் எதையும் செய்யவில்லை. அது செய்ததைப் பெரியம்மா முதல் நாளே சொன்னார்: "வெளியே இருக்கிறது ம்ம்ம்னு முக்குது, டிக்குங்குது, விட்டுடுது. கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடியும் முக்குது." மொத்த நோயும் இந்த வாக்கியத்தில் இருக்கிறது. யாரும் காதில் வாங்கவில்லை. பெரியம்மா சொல்வதைக் காதில் வாங்குகிற வழக்கம் அந்த வீட்டில் இல்லை.

ஏனென்றால் பெரியப்பா அதற்குள் புது ஏசி ஆராய்ச்சியில் இறங்கியிருந்தார். முதல் சந்தேகமே, "ஒன்றரை டன்னை இந்தச் சுவர் தாங்குமா?" டன் என்பது எடை இல்லை. ஒரு டன் ஐஸை இருபத்து நாலு மணி நேரத்தில் உருக்குகிற அளவுக்குச் சூட்டை எடுக்கும் திறன், கணக்குக்கு மணிக்கு 12,000 பிடியூ (சூட்டை அளக்கிற அலகு). தூக்கினால் ஒருவர் தோளில் ஏறிவிடும். இதைச் சொன்னதும், "அப்போ ரெண்டு டன்னே போட்டுடலாம்" என்றார். போடலாம். சின்ன அறையில் அது அஞ்சு நிமிஷத்தில் குளிரவைத்துவிட்டு நின்றுவிடும். காற்றில் இருக்கிற ஈரத்தை உறிஞ்ச அவகாசமே இருக்காது. நசநசவென்ற குளிரில் படுத்துக் கிடக்க வேண்டியதுதான்.

ஆராய்ச்சியில் ஒரு நியாயமும் இருந்தது. மெஷினுக்குப் பதிமூன்று வயது. உள்ளே ஓடுவது ஆர்22. ஓசோனைக் காப்பாற்ற 1987இல் போட்ட மாண்ட்ரியல் ஒப்பந்தப்படி உலகம் முழுக்க விடைபெற்றுக்கொண்டிருக்கிற கேஸ் அது. நாள் ஆக ஆகக் கிடைப்பது அரிது, விலையும் ஏறும். "அதில் புது கேஸ் ஆர்32 அடிச்சுக்கலாமே" என்று யாராவது சொன்னால் வாசலோடு அனுப்பிவிட வேண்டும். அழுத்தம் ஒன்றரை மடங்குக்கு மேல், ஆயில் வேறு, போதாததற்குக் கொஞ்சம் தீப்பற்றும் குணம் வேறு. குரூப் மாறின ரத்தம்தான். இந்த வயதில் கம்ப்ரசரோ காயிலோ போயிருந்தால் யோசிக்கவே வேண்டாம், மாற்றிவிடலாம். ரிப்பேர்ச் செலவு புது மெஷின் விலையில் பாதியைத் தொட்டாலும் அதே தீர்ப்பு. அஞ்சு வயதுக்குள் என்றால் கண்ணை மூடிக்கொண்டு ரிப்பேர். நடுவில் உள்ளதற்கு, எந்தப் பாகம் போயிற்று என்று தெரியாமல் யார் யோசனை சொன்னாலும் அது ஜோசியம்.

பத்து வருஷ வாரண்டி என்று கொட்டை எழுத்தில் போடுகிறார்களே, அதையும் சொல்லிவிட வேண்டும். பல கம்பெனிகளில் அது கம்ப்ரசர் என்கிற உருண்டைக்கு மட்டும். அதைக் கழற்ற, வெல்டிங் வைக்க, கேஸ் நிரப்ப, தூக்கிக்கொண்டு போய் வர எல்லாம் நம் கணக்கு. கல்யாணச் சாப்பாடு இலவசம், இலைக்குக் காசு என்கிற மாதிரி. புதுசு வாங்கும்போதும் இதே கதைதான். பெட்டியோடு வருகிற குழாய் பெரும்பாலும் மூன்று மீட்டர், வீட்டில் தேவைப்படுவது எப்போதும் ஐந்து. பழைய குழாயையே வைத்துக்கொள்ளலாம் என்று ஆசை காட்டுவார்கள். உள்ளே ஆர்22 காலத்து ஆயில் பூசியிருக்கும், சுவர்க் கனமும் புது அழுத்தத்துக்குப் போதாமல் போகலாம்.

இரண்டாவதாக வந்தவர் சின்னப் பையன். பேச்சே இல்லை. மெயினை அணைத்தார், வெளி யூனிட்டின் பக்கவாட்டு மூடியைக் கழற்றினார். மெயினை அணைத்தாலும் கெபாசிட்டரில், அதாவது மின்சாரத்தைச் சேர்த்துவைக்கிற சின்ன டப்பாவில், கரண்ட் தங்கியிருக்கும், ஆளைத் தூக்கி எறிகிற அளவுக்கு. அதை ரெசிஸ்டர் வைத்து இறக்கிவிட்டுத்தான் கை வைத்தார். வெளியே எடுத்துக் காட்டினார். தட்டையாக இருக்க வேண்டிய தலைப்பக்கம் குட்டித் தொப்பையாக உப்பியிருந்தது. மேலே எழுதியிருந்த கொள்ளளவு 45 மைக்ரோஃபேரட். மீட்டர் காட்டியது 11. ஐந்து, ஆறு சதவீதம் குறைந்தாலே கிழடு தட்டிவிட்டது என்று அர்த்தம், இது முக்கால்வாசி போய்விட்டது. கம்ப்ரசருக்குக் கிளம்ப ஒரு உந்து வேண்டும், அதைக் கொடுப்பது இதுதான். உந்து இல்லாமல் கம்ப்ரசர் ம்ம்ம் என்று முக்கும், கரண்டை இழுத்துச் சூடாகும், ஓவர்லோட் என்கிற காவல் சுவிட்ச் டிக்கென்று வெட்டிவிடும், ஆறியதும் மறுபடி முக்கும். பெரியம்மா சொன்ன அதே வரிசை. (இன்வெர்ட்டர் ஏசியில் கம்ப்ரசருக்கு இந்தச் சாமான் கிடையாது. அந்த வேலையைப் பிசிபி என்கிற மின்சுற்றுப் பலகை பார்க்கிறது, அது போனால் செலவு வேறு ரகம்.)

அதே 45, அதே 440 வோல்ட், புதுசு ஒன்று. முழு மெஷினிலேயே மலிவான சாமான்களில் ஒன்று. மாட்டப் பத்து நிமிஷம். கம்ப்ரசர் முதல் மூச்சிலேயே எழுந்துகொண்டது. கேஸ் ஒரு கிராம்கூடக் குறையவில்லை.

"முதல் நாளே சொன்னேன்ல, முக்குதுன்னு" என்றார் பெரியம்மா.

பெரியப்பா பதில் சொல்லவில்லை. உப்பின கெபாசிட்டரைப் பையனிடமிருந்து வாங்கி வேட்டி முனையால் துடைத்தார். ஷோகேஸைத் திறந்து, கல் பாட்டிலைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தார். நேற்று ஒரு சொந்தக்காரர் வந்திருந்தார். இப்போது இரண்டையும் பார்க்க வேண்டியிருக்கிறது.