ஆசிரியர் அறையில் எழுதி வாங்கிய கடிதமும் எங்கள் அலைச்சலும்: சித்தூர் தாலுகாவிலிருந்து ஓர் அனுபவம்

என் அக்காள் மகன் பத்தாம் வகுப்புவரை பொள்ளாச்சிப் பக்கம் தமிழ்வழியில் படித்தவன். வீட்டுக்கு அருகில் இருக்கிறது என்பதால் பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில் ஓர் அரசுப் பள்ளியில் பிளஸ் ஒன் சேர்ந்தான். சென்ற கல்வியாண்டில் அங்கே கணினி அறையிலிருந்து ஒரு மடிக்கணினி காணாமல் போனது. முந்தைய மாலை அறையைப் பூட்டிச் சாவியை ஒப்படைத்தவன் இவன் என்பதால் சந்தேகம் இவன்மேல் விழுந்தது. இப்போது இவன்மீது ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டது. ஆனால் அதற்குள் நாங்கள் பட்ட பாட்டில் பெரும்பங்கு காவல் நிலையத்தால் வந்ததன்று. பள்ளியில் எழுதி வாங்கிய ஒரு கடிதத்தால் வந்தது. எல்லையோரத்தில் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் தமிழ்க் குடும்பங்கள் இதை முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும் என்றே எழுதுகிறேன்.

மதிய உணவு இடைவேளையில் அழைத்தவர்கள் கடைசி மணி அடிக்கும்வரை அவனை ஆசிரியர் அறையில் உட்கார வைத்திருந்தார்கள். வீட்டுக்குத் தகவல் இல்லை. எழுதிக் கொடுத்தால் இதோடு விட்டுவிடுவோம், இல்லையென்றால் டி.சி. கொடுத்துப் போலீசில் ஒப்படைப்போம் என்று மாறி மாறிச் சொல்லியிருக்கிறார்கள். கடைசியில் ஓர் ஆசிரியர் மலையாளத்தில் நான்கு வரி எழுதி நீட்ட, பையன் அதன்கீழே தமிழில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தான். அவனுக்கு மலையாளம் பேசினால் புரியும், எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். மன்னிப்புக் கேட்பதாக மட்டுமே அதில் இருக்கிறது என்று அவன் நினைத்திருந்தான். பின்னாளில் நகல் கைக்கு வந்து நான் படித்துக் காட்டியபோதுதான், பொருளை எடுத்ததாகவே மூன்றாவது வரி ஒப்புக்கொள்கிறது என்பது அவனுக்குத் தெரிந்தது.

இந்தக் கடிதம் ஏன் ஆபத்தானது என்பதைச் சட்ட உதவி வழக்கறிஞர் விளக்கியபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. போலீஸ் அதிகாரியிடம் சொன்ன குற்ற ஒப்புதலைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராகப் பயன்படுத்த முடியாது என்று 2023ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதிநியம் 23ஆம் பிரிவு சொல்கிறது. ஆசிரியரிடம் எழுதிக் கொடுத்ததற்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அதிகாரத்தில் இருப்பவர் மிரட்டியோ ஆசை காட்டியோ வாங்கியது என்றால் 22ஆம் பிரிவு கைகொடுக்கும்; ஆனால் மிரட்டல் நடந்தது என்பதை நாம்தான் எடுத்துக்காட்ட வேண்டியிருக்கும். ஆகவே பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: ஆசிரியர் கேட்டால் மரியாதையாகப் பதில் சொல்லுங்கள், ஆனால் அம்மாவோ அப்பாவோ வரும்வரை எந்தத் தாளிலும் எழுதவோ கையெழுத்திடவோ வேண்டாம்.

பலரும் இந்த இடத்தில் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவைத்தான் சொல்கிறார்கள். உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்யும் நல்ல பிரிவு அது. ஆனால் அந்தச் சட்டம் 6 முதல் 14 வயதுவரை உள்ளவர்களின் தொடக்கக் கல்விக்கானது. மேல்நிலை மாணவருக்கு 2015ஆம் ஆண்டின் இளஞ்சிறார் நீதிச் சட்டத்தின் 75ஆம் பிரிவையே நாட வேண்டும். குழந்தையைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவர் தேவையற்ற மன வேதனைக்கு ஆளாக்குவதும் அதில் அடங்கும்.

பிறகு காவல் நிலையத்திலிருந்து பையனை அழைத்து வரச்சொல்லித் தொலைபேசி வந்தது. எழுத்தில் தாருங்கள் என்று அக்கா கேட்டதற்கு, சும்மா இரண்டு வார்த்தை கேட்கத்தான் என்று பதில். சாட்சியாக அழைப்பதற்கே பி.என்.எஸ்.எஸ். என்னும் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 179ஆம் பிரிவின்படி எழுத்து மூலமான ஆணை வேண்டும் என்பதையும், பெண்களையும் 15 வயதுக்குட்பட்ட சிறுவர்களையும் அவர்கள் வசிக்கும் இடத்தை விட்டு வேறெங்கும் வரும்படி கட்டாயப்படுத்த முடியாது என்பதையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் பையனுக்கு 16 ஆகியிருந்தது. பகைத்துக்கொள்ள வேண்டாம் என்று போனோம். ஒவ்வொரு நிலையத்திலும் இருக்க வேண்டிய குழந்தைகள் நலக் காவல் அதிகாரி அன்று நீதிமன்றப் பணிக்குப் போயிருந்தார். சீருடையில் இருந்த இன்னொருவர், நானே கேட்டுவிடுகிறேன் என்றார். அக்கா மறுத்துவிட்டு, அவர் வரும் நாளைச் சொல்லுங்கள், அன்றைக்கு வருகிறோம் என்று பையனைக் கூட்டிக்கொண்டு எழுந்துவிட்டாள். ஒரு நாள் கூலி போனாலும் அவள் அன்று காட்டிய உறுதிதான் பின்னால் எல்லாவற்றையும் காப்பாற்றியது.

கிளம்பும்போது அடுத்த சிக்கல் முளைத்தது. ஆதாரில் பையனின் பிறந்த நாள் ஜனவரி 1 என்றும் ஆண்டு இரண்டு வருடம் முன்னதாகவும் பதிவாகியிருந்தது. அதைப் பார்த்த அந்தச் சீருடைக்காரர், இவனுக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது, குழந்தை என்ற பேச்சே இல்லை என்றார். இளஞ்சிறார் சட்டத்தின் 94ஆம் பிரிவில் வயதுக்கு முதல் சான்று பள்ளிச் சான்றிதழ் அல்லது பத்தாம் வகுப்புச் சான்றிதழ். அது இல்லாதபோதுதான் உள்ளாட்சி அமைப்பின் பிறப்புச் சான்றிதழ், இரண்டும் இல்லாதபோதுதான் மருத்துவப் பரிசோதனை. ஆதார் அந்த வரிசையிலேயே கிடையாது. ஆனால் அசல் மதிப்பெண் சான்றிதழ் சேர்க்கையின்போதே பள்ளிக்குப் போய்விட்டிருந்தது. கேட்கப் போனால், பிரின்சிபல் விடுப்பில் இருக்கிறார், அவர் சொல்லாமல் பீரோவைத் திறக்க மாட்டேன் என்று அலுவலக எழுத்தர் கையை விரித்துவிட்டார். கடைசியில் கேரள அரசின் இணையச் சேவை மையமான அக்ஷயா மையத்தில் டிஜிலாக்கர் வழியாகத் தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புச் சான்றிதழை எடுத்து அச்சிட்டோம். சேர்க்கைக்கு அசலைக் கொடுக்கும் முன் சான்றொப்பமிட்ட நகல் ஒன்றை வீட்டில் வைத்துக்கொண்டால் இந்த அலைச்சல் மிச்சம்.

சட்ட உதவி எளிதாகக் கிடைத்தது. குழந்தைகளுக்கும் பெண்களுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் தர வேண்டும் என்பது 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம். விசாரணையும் 2016ஆம் ஆண்டு இளஞ்சிறார் நீதி மாதிரி விதிகளின் 8ஆம் விதிப்படி சாதாரண உடையில் இருந்த அதிகாரி முன், அக்கா பக்கத்தில் இருக்க, கையெழுத்து ஏதுமின்றி முடிந்தது. திருட்டு போன்ற குற்றச்சாட்டில் பெரியவர் யாரும் உடந்தை இல்லையென்றால் சிறார்மீது எப்.ஐ.ஆர். போடக் கூடாது, காவல் நிலைய நாட்குறிப்பில்தான் பதிய வேண்டும் என்பதும் அதே விதியில் இருக்கிறது.

மிஞ்சியது அந்தக் கடிதம். நகல் கேட்டுத் தமிழில் விண்ணப்பம் கொடுத்தபோது, மலையாளத்தில் எழுதி வா என்று அதே எழுத்தர் திருப்பிக் கொடுத்தார். தமிழ்ச் சிறுபான்மையினர் தங்கள் பகுதியில் உள்ள அரசு அலுவலகங்களுக்குத் தமிழிலேயே எழுதவும் தமிழிலேயே பதில் பெறவும் 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் இடம் தருகிறது என்று எடுத்துச் சொல்லி, வாங்க மறுப்பதை எழுதித் தாருங்கள் என்றேன். சற்று நேரம் என்னைப் பார்த்தவர், விண்ணப்பத்தை வாங்கி முத்திரை குத்தி, தேதியும் போட்டுக் கொடுத்தார். நகல் அதன் பிறகுதான் வந்தது.

பையனின் கோப்பிலிருந்து அந்தக் கடிதத்தை நீக்கச் சொல்லிக் கேரள மாநில குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்துக்கு இப்போது மனு அனுப்பியிருக்கிறோம். மனு தமிழில்தான், மொழியைக் காரணம் காட்டித் தாமதமாகிவிடக் கூடாது என்பதற்காக மலையாள மொழிபெயர்ப்பையும் சேர்த்து வைத்தோம்.