ஒரு பக்க டொன்சில்: கிளினிக் குறிப்புகள்

ஜூன் 2, ஹட்டன்
மழை பிடித்துவிட்டது. தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயங்களிலிருந்து தொண்டை வலியோடு பிள்ளைகள் வரும் காலம். சாதாரண அழற்சியில் பெரும்பாலும் இரண்டு டொன்சிலும் வீங்கும், வலியும் காய்ச்சலும் இருக்கும். ஒன்று மட்டும் பெருத்து, வலியில்லாமல், மருந்து முடிந்து மூன்று கிழமையாகியும் வற்றாவிட்டால் அது லிம்போமாவாக, அதாவது நிணநீர்ப் புற்றுநோயாக, இருக்கலாம்; காது மூக்குத் தொண்டை கிளினிக்குக்கு அனுப்ப வேண்டும். மூன்றாம் தடவையும் அமொக்சிசிலின் என்ற கிருமிக்கொல்லி மருந்தை எழுதுவது நாளைக் கடத்துவதுதான். புதிதாக வந்த குறட்டை, கழுத்துக் கட்டி, இரவு வியர்வை, உடல் மெலிவு இருந்தால் இன்னும் அவசரம். வாய் திறக்க முடியாத கடும் வலி என்றால் அது சீழ்க்கட்டியாக இருக்கலாம், அன்றைக்கே ஆஸ்பத்திரி.

பார்க்கும்போது பிள்ளை ஓங்கரித்தால் டொன்சில் நடுவுக்குத் தள்ளிப் பெரிதாகத் தெரியும். ஓங்கரிப்பு அடங்கியபின் திரும்பப் பாருங்கள்.

ஜூன் 5
டொன்சிலில் வரும் லிம்போமாவில் அதிகம் காண்பது, பி-கலம் என்ற வெள்ளைக் கலத்திலிருந்து எழும் பெரிய பி-கல வகை. அதற்குள் அரிதான ஒன்று, ஐ.ஆர்.எஃப்.4 மரபணு இடம் மாறியது. பிள்ளைகளிலும் இளம் வயதினரிலும் கூடுதலாக வரும். உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டில் 2016இல் தற்காலிகமாக இடம் பெற்றது, 2022இல் தனி நோயானது. நுணுக்குக்காட்டியில் முரட்டு நோயாகத் தெரிந்தாலும் சிகிச்சைக்கு நன்றாகவே கேட்கும். ஆகவே பெயரைச் சரியாகப் பிடிப்பது முக்கியம்.

ஜூன் 11
நோயின் பெயரைப் பிடிக்க முடியாமல் கெடுப்பது பெரும்பாலும் நம் கைதான். வீக்கம் வற்றட்டும் என்று பிரெட்னிசலோன் என்ற ஸ்டெரொய்ட் கொடுத்தால் லிம்போமா கலங்கள் கரைந்து, வெட்டிய சதையில் ஒன்றும் தெரியாமல் போகலாம். பயொப்சிக்கு, அதாவது சதை வெட்டிப் பரிசோதிப்பதற்கு, முன் ஸ்டெரொய்ட் வேண்டாம்; மூச்சே அடைத்தால் மட்டும் விதிவிலக்கு.

வெட்டிய டொன்சில் பச்சை மீன் சதைபோல் வெளிறி, வழவழவென்றிருந்தால் சந்தேகம் வலுக்கும். இடுக்கியால் நசுக்காதீர்கள், கலங்கள் சிதைந்துவிடும். உயிருள்ள கலங்களை வகை பிரிக்கும் ஃபுளோ சைட்டொமெட்ரி பரிசோதனைக்கு ஒரு துண்டை சேலைனில் (உப்பு நீரில்) நனைத்த துணியில் சுற்றி உடனே அனுப்புங்கள். அந்தத் துண்டு, சதையைப் பதப்படுத்தும் திரவமான ஃபோர்மலினில் விழுந்தால் பயனில்லை. மிச்சத்தைக் கீறி, சதையின் அளவைப்போல் பத்து மடங்குக்குக் குறையாத 10 வீத ஃபோர்மலினில், வாய் அகன்ற போத்தலில் போடுங்கள். முழுசாகப் போட்டால் ஃபோர்மலின் உள்ளே இறங்குமுன் நடுப்பகுதி கெட்டுவிடும். வலது, இடது தனித்தனிப் போத்தல்.

ஜூன் 19
ஐ.ஆர்.எஃப்.4 மரபணு தரும் புரதத்தைக் காட்டும் எம்.யு.எம்.1 சாயம் அழுத்தமாக ஏறினால், அந்த மரபணு இடம் மாறியதா என்று பார்க்கும் ஃபிஷ் (FISH) பரிசோதனை கேட்க வேண்டும். பி-கலங்களைத் தாக்கும் ரிட்டுக்சிமாப் மருந்து தொடங்கு முன் ஹெப்படைட்டிஸ் பி பரிசோதனை கட்டாயம்.

மஹரகம புற்றுநோய் ஆஸ்பத்திரியில் மருந்தேற்றி மலைக்குத் திரும்பும் பிள்ளைகளுக்கு எதிர்ப்புச் சக்தி குறைந்திருக்கும்; அவர்கள் வீட்டில் ஒரு தேர்மோமீட்டர் வேண்டும். 38 பாகை தாண்டினால் பனடோல் போட்டு விடியும்வரை காத்திருக்கக் கூடாது. அந்த இரவே ஆஸ்பத்திரிக்குப் புறப்பட, தோட்டத்தில் எந்த வாகனம் வரும், ஓட்டுநரின் நம்பர் என்ன என்பதை முன்கூட்டியே எழுதி கதவில் ஒட்டிவையுங்கள்.