பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகு

அமெரிக்காவில் குடியேற்ற ஆவணங்கள் இல்லாத மாணவர்களுக்குக் கல்லூரிப் படிப்பு முழுவதும் இலவசம் என்ற பேச்சை நம்மவர்களின் விருந்துகளில் அடிக்கடி கேட்கிறேன். கலிபோர்னியாவில் எங்கள் ஊர் நூலகத்தில், அக்டோபர் தொடங்கி மார்ச் வரை, உதவித்தொகை விண்ணப்பங்களை நிரப்பத் துணைசெய்யும் தன்னார்வலர்களில் நானும் ஒருவன். அங்கே கண்டதை வைத்துச் சொல்வதானால், இந்த மாணவர்கள் பெறும் சலுகை என்று ஊர் பேசுவதில் பெரும்பகுதி, பக்கத்து இருக்கையில் படித்த தோழன் கட்டும் அதே கட்டணத்தை அவர்களும் கட்டலாம் என்ற அனுமதி மட்டுமே.

பள்ளிப் படிப்பு வரை சிக்கலில்லை. ஆவணமற்ற பிள்ளைகளைப் பொதுப்பள்ளிகள் சேர்க்க மறுக்கலாம் என்ற டெக்சஸ் சட்டத்தை 1982இல் ‘பிளைலர் எதிர் டோ’ வழக்கில் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தள்ளுபடி செய்தது. அந்தத் தீர்ப்பின் பாதுகாப்பு பன்னிரண்டாம் வகுப்போடு முடிந்துவிடுகிறது. 1965ஆம் ஆண்டின் உயர்கல்விச் சட்டத்தின் வழியே வரும் கூட்டாட்சி அரசின் பணம், அதாவது இன்று ஆண்டுக்கு அதிகபட்சம் 7,395 டாலர் வரை கிடைக்கும், திருப்பிச் செலுத்த வேண்டாத பெல் கிராண்ட் உதவித்தொகை, குறைந்த வட்டிக் கடன், கல்லூரிக்குள்ளேயே வேலை பார்த்துச் சம்பாதிக்கும் திட்டம் ஆகிய எதுவும் இவர்களுக்கு இல்லை. சிறுவயதில் இங்கே வந்தவர்களைத் தற்காலிகமாக நாடுகடத்தாமல் விட்டுவைக்க 2012இல் ஒபாமா கொண்டுவந்த டாகா திட்டத்தால் வேலை அனுமதியும், அரசின் அடையாள எண்ணான சோஷியல் செக்யூரிட்டி எண்ணும் பெற்றவர்களுக்கும் இதே நிலைதான். எண் இருந்தால் பணமும் வரும் என்று நம்பி வருகிறவர்களிடம் இதைச் சொல்வதுதான் எங்கள் மேசையில் மிகவும் சங்கடமான வேலை.

எஞ்சியிருப்பது மாநிலம். அரசுக் கல்லூரிகள் தம் மாநிலத்தவரிடம் குறைந்த கட்டணமும் மற்றவர்களிடம் கூடுதல் கட்டணமும் வாங்குகின்றன. அங்கும் 1996இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் ஒரு தடையை வைத்தது: ஒரு மாநிலம் ஆவணமற்றவர்களுக்கு, அவர்கள் அங்கே வசிக்கிறார்கள் என்ற காரணத்தால் உயர்கல்விச் சலுகை அளித்தால், அதே சலுகையை எந்த மாநிலத்தில் வாழும் அமெரிக்கக் குடிமகனுக்கும் அளிக்க வேண்டும். 2001இல் டெக்சஸும், சில மாதங்கள் கழித்துக் கலிபோர்னியாவும் இதற்கு ஒரு வழி கண்டன. கலிபோர்னியாவின் ஏபி 540 சட்டம் குறைந்த கட்டணத்துக்கு வசிப்பிடத்தைக் கேட்கவில்லை. அந்த மாநிலத்தில் மூன்றாண்டுகள் உயர்நிலைப் பள்ளியில் படித்துத் தேர்ச்சி பெற்றாயா என்று கேட்டது. (2017இல் வந்த திருத்தம், சமூகக் கல்லூரியிலும் (ஈராண்டுப் படிப்புக்கான அரசுக் கல்லூரி) முதியோர் பள்ளியிலும் படித்த காலத்தையும் கணக்கில் சேர்த்தது.) இங்கே படித்துவிட்டு வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்த குடிமக்களுக்கும் இது பொருந்துவதால், கூட்டாட்சிச் சட்டத்தை மீறவில்லை என்று கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் 2010இல் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. கலிபோர்னியாப் பல்கலைக்கழக வளாகங்களில் கூடுதல் கட்டணத்திலிருந்து இந்த விலக்கைப் பெற்றவர்களில் பெரும்பாலோர் குடிமக்களும் சட்டப்படி வசிப்பவர்களுமே என்ற தகவலை விருந்துகளில் யாரும் குறிப்பிடுவதில்லை.

கட்டணம் குறைந்தாலும் கட்டப் பணம் வேண்டுமல்லவா? அதற்கு விடையாக 2011இல் ஆளுநர் ஜெர்ரி பிரவுன் கையெழுத்திட்ட இரண்டு சட்டங்களைச் சேர்த்துக் கலிபோர்னியா ட்ரீம் ஆக்ட் என்கிறார்கள். தகுதியுள்ளவருக்கு, மாநில அரசின் ‘கால் கிராண்ட்’ (Cal Grant) உதவித்தொகை பொதுப் பல்கலைக்கழகத்தின் அடிப்படைக் கட்டணத்தைச் செலுத்திவிடுகிறது. சமூகக் கல்லூரியில் பாடத்தின் ஓர் அலகுக்கு (யூனிட்) 46 டாலர் என்றிருக்கும் கட்டணமும் வருமானம் குறைந்த குடும்பங்களுக்குத் தள்ளுபடியாகிறது. வீட்டு வாடகை, உணவு, பேருந்து, புத்தகம் ஆகியவற்றுக்குக் கிடைப்பது சொற்பம். வேலை அனுமதி இல்லாத மாணவர் அதைச் சம்பளத்தில் ஈடுகட்டவும் முடியாது.

விண்ணப்பத்தை நிரப்பும்போது பெற்றோரின் வருமானத்தைப் பற்றிய பக்கம் வந்ததும் விரல்கள் நின்றுவிடும். “இந்த முகவரி எங்கே போகும், அங்கிள்?” என்று கேட்பார்கள். ட்ரீம் ஆக்ட் விண்ணப்பத்தைப் பெறுவது கலிபோர்னியா மாநில உதவித்தொகை ஆணையம். அதற்கு சோஷியல் செக்யூரிட்டி எண் தேவையில்லை. அது கூட்டாட்சி உதவிக்கு விண்ணப்பிக்கும், கூட்டாட்சிக் கல்வித் துறையின் ஃபாஃப்சா படிவத்திலிருந்து வேறானது. இவ்வளவுதான் என்னால் உறுதியாகச் சொல்ல முடியும். அதற்கு மேல் ‘பயப்படாதே’ என்று சொல்லும் தகுதி எனக்கு இல்லை, நான் சொல்வதுமில்லை.

பயத்துக்குக் காரணம் இல்லாமலும் இல்லை. குடியரசுக் கட்சி ஆளுநர் ரிக் பெரி கையெழுத்திட்டு, 2011இல் அதிபர் வேட்பாளர் விவாத மேடையிலும் விட்டுக்கொடுக்காமல் ஆதரித்த, 2001ஆம் ஆண்டின் அந்த டெக்சஸ் கட்டணச் சட்டம், 2025 ஜூன் 4 அன்று ஒரே நாளில் மறைந்தது. அமெரிக்க நீதித் துறை வழக்குத் தொடுத்தது, மாநில அரசு எதிர்க்காமல் ஒப்புக்கொண்டது, நீதிபதி அதே நாளில் நிரந்தரத் தடை விதித்தார். பாதிக்கப்படும் மாணவர் ஒருவரும் வாய்திறக்க வாய்ப்பே இல்லாத அந்த நடைமுறையைத் தீர்ப்பு என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை. 2014இல் இதே சலுகையை அளித்த புளோரிடா 2025இல் சட்டமியற்றியே அதைத் திரும்பப் பெற்றது. கென்டக்கி, மினசோட்டா, இல்லினாய் ஆகிய மாநிலங்களின் மீதும் அந்த ஆண்டிலேயே நீதித் துறை வழக்குத் தொடுத்தது.

இது நமக்குத் தொடர்பில்லாத செய்தி என்று தமிழ்க் குடும்பங்கள் நினைப்பதுண்டு. அடைக்கலம் கோரி முடிவுக்காகக் காத்திருக்கும் ஈழத்தமிழர் வீட்டுப் பிள்ளைக்குக் கூட்டாட்சி உதவி கிடையாது. அடைக்கலம் வழங்கப்பட்ட பிறகே கிடைக்கும். எச்-1பி விசாவில் வந்தவரின் மகள் கிரீன் கார்டு வரிசை நகரும் முன்பே இருபத்தொரு வயதை எட்டினால், பெற்றோரின் விசாவைச் சார்ந்திருக்கும் உரிமையை இழக்கிறாள். சிறு குழந்தையாக இங்கே வந்தவள் அயல்நாட்டு மாணவி ஆகிவிடுகிறாள். 2012 ஜூன் 15 அன்று சட்டப்படியான விசா வைத்திருந்தவர்களுக்கு டாகாவிலும் இடமில்லை.

பிள்ளை இங்கே பிறந்த குடிமகன், பெற்றோருக்கு ஆவணம் இல்லை என்ற கலப்புக் குடும்பங்கள்தான் இப்போது மிகவும் தடுமாறுகின்றன. பிள்ளைக்கு பெல் கிராண்ட் பெறும் உரிமை உண்டு. ஆனால் அதற்கு ஃபாஃப்சாவில் பெற்றோரின் விவரங்களைக் கூட்டாட்சி அரசிடம் தர வேண்டும். அதைத் தயங்குவோர் மாநிலத்தின் ட்ரீம் ஆக்ட் விண்ணப்பத்தையே நிரப்பலாம் என்று கலிபோர்னியா அனுமதித்திருக்கிறது; அப்படிச் செய்தால் மாநிலப் பணம் மட்டுமே வரும், பெல் கிராண்ட் கைவிட்டுப் போகும். கட்டணம் ஏற்கெனவே தள்ளுபடியாகிவிடும் சமூகக் கல்லூரி மாணவருக்கு அது பெரிய இழப்பு, ஏனெனில் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் உதவுவது அந்தப் பணமே. எது சரி என்று குடும்பம் கேட்கும்போது இரண்டு தொகைகளையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு, குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரைப் பார்த்துவிட்டு முடிவெடுக்கச் சொல்கிறேன். நான்காண்டுக் கல்லூரிகளுக்கு வழக்கமாக மார்ச் 2 கடைசித் தேதி; சமூகக் கல்லூரியில் சேர்வோருக்குச் செப்டம்பர் 2 வரை இன்னொரு வாய்ப்பு உண்டு.