மேன்ஹோல் மூடியைத் திறப்பவர்கள்

சென்னையில் ஒரு மணி நேரம் விடாமல் மழை கொட்டினால் போதும், எங்காவது ஒரு தெருவில் யாராவது கடப்பாறையோடு வந்து பாதாள சாக்கடை மூடியை நெம்பிவிடுவார். முழங்கால் அளவுத் தண்ணீர் சுழித்துக்கொண்டு உள்ளே இறங்கும். மாடியில் நின்று பார்ப்பவர்களுக்கு அவர் தெருவுக்கு நல்லது செய்தவர். சட்டத்தை மீறியவர் என்ற நினைப்பு அவருக்கும் இருக்காது, பார்த்தவர்களுக்கும் இருக்காது. கழிவுநீர்ப் பராமரிப்பில் இருக்கும் எங்களுக்கு, அந்த மூடி திறந்த நிமிஷத்தில் அடுத்த சில நாட்களுக்கான வேலை தொடங்கிவிடுகிறது.

தெருவுக்கு அடியில் இரண்டு தனித்தனி ஏற்பாடுகள் இருக்கின்றன. மழைநீர் வடிகால் மாநகராட்சியுடையது. அது கூவத்துக்கோ அடையாற்றுக்கோ பக்கிங்காம் கால்வாய்க்கோ போகிறது. கழிவுநீர்க் குழாய் குடிநீர் வாரியத்துடையது; அது கழிவுநீரேற்று நிலையத்துக்குப் போய், அங்கிருந்து பம்ப் செய்யப்பட்டு, கொடுங்கையூர், கோயம்பேடு, நெசப்பாக்கம், பெருங்குடி சுத்திகரிப்பு நிலையங்களுக்குப் போகிறது. முன்னதற்கு 1913, பின்னதற்கு 1916 என்று புகார் எண்களும் வேறு. தெருவில் தண்ணீர் நிற்கும்போது இதையெல்லாம் யார் யோசிப்பார்கள்? கண்ணுக்குத் தெரிவது ஒரு மூடி, அவ்வளவுதான்.

கணக்கைப் பார்த்தால் விஷயம் விளங்கும். ஒரு ஆளுக்கு நாளைக்கு 135 லிட்டர் தண்ணீர், அதில் 80 சதவீதம் கழிவுநீராக வெளியேறும் என்று வைத்துத்தான் குழாய் வடிவமைக்கிறோம். ஐந்து பேர் இருக்கும் வீட்டிலிருந்து ஒரு நாளைக்கு 540 லிட்டர். அதே வீட்டின் மொட்டைமாடி 1000 சதுர அடி என்றால், 1 மில்லிமீட்டர் மழைக்குக் கிட்டத்தட்ட 93 லிட்டர் விழும். ஒரு மணி நேரத்தில் 5 சென்டிமீட்டர் பெய்தால் 4,650 லிட்டர். அதாவது எட்டு நாளுக்கும் மேலான கழிவுநீர் ஒரே மணி நேரத்தில். குழாய்களை, உச்ச நேரத்திலும் முழுக்க நிரம்பாமல் ஓடும்படி வடிவமைப்பது வழக்கம். மீதி இடம் காற்றுக்கும் எதிர்பாராத வரத்துக்கும். மொட்டைமாடித் தண்ணீர் தெரு முழுக்க உள்ளே வந்தால், அந்த இடம் எவ்வளவு நேரம் தாங்கும்?

தண்ணீரை விட மோசம் அதோடு போகும் மண்ணும் பிளாஸ்டிக் பையும். குழாயில் ஓட்டம் வினாடிக்கு 0.6 மீட்டராவது இருந்தால்தான் மண் படியாமல் அடித்துக்கொண்டு போகும். மழை நின்று ஓட்டம் தணிந்ததும் மணல் அடியில் தங்கிவிடும். ஜெட் ராடிங் வண்டி தண்ணீரைப் பீய்ச்சி அதை அடுத்த மேன்ஹோல் வரைதான் தள்ளும். அங்கிருந்து தூர்வாரும் இயந்திரம் வைத்து அள்ள வேண்டும். பைகள் நீரேற்று நிலையம் வரை போய் சல்லடையை அடைக்கும். அதைத் தாண்டியவை பம்பில் சுற்றிக்கொள்ளும். பம்ப் நின்றால் குழாய் நிரம்பும், தண்ணீர் பின்னோக்கி ஏறும். எங்கே வெளியே வரும் என்றால், அந்தப் பகுதியிலேயே தாழ்வான வீட்டின் தரைத்தளக் குளியலறையில். மூடியைத் திறந்தவர் வீட்டில் அல்ல.

இந்த வேலையில் இருப்பவர்களுக்கு மெல்ல மெல்லப் புரிவது இதுதான். தப்பு செய்கிற இடம் ஒன்று, அது வெடிக்கிற இடம் வேறு. செய்தவருக்குத் தன் வாசல் காய்ந்தது மட்டுமே தெரியும். மக்களுக்குப் பொறுப்பில்லை என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. ஆனால் அதே ஆள் தன் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியை ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஆள் வைத்துக் கழுவுகிறார். அதன் அழுக்கு அவர் வாளியிலேயே வந்து விழுகிறதல்லவா.

மழைநீர் சேகரிப்பை எடுத்துக்கொள்வோம். 2003-இல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் அதைக் கட்டாயமாக்கினார்கள். கெடு வைத்தார்கள், குடிநீர் இணைப்பைத் துண்டிப்போம் என்றார்கள். கிணறு வற்றி லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்ற காலம் அது. மக்கள் குழி வெட்டினார்கள். நம் ஊரில் ஒரு சட்டத்துக்கு இவ்வளவு பேர் கட்டுப்பட்டது அபூர்வம். அதன்பிறகு என்ன ஆயிற்று என்பது இப்போது எந்தப் பழைய வீட்டின் கேட் ஓரத்திலும் தெரியும். குழியில் அடியில் கருங்கல் ஜல்லி, நடுவில் கூழாங்கல், மேலே மணல். மாடித் தூசியும் இலைச் சருகும் வந்து மணல் மேல் மாவு போன்ற வண்டலாக அப்பிக்கொள்ளும். ஆண்டுக்கொரு முறை மேல் அரையடி மணலை எடுத்துவிட்டுப் புதுசு போட வேண்டும். ஒரு ஆளுக்கு அரை நாள் வேலை. கட்டும்போது கேட்டவர்கள் பராமரிப்பைக் கேட்கவில்லை. குழி குடிக்காது, தண்ணீர் வாசலில் நிற்கும், பிளம்பர் வருவார். நாலு அங்குல பிவிசி குழாய் மூன்றடி, ஒரு எல்போ (வளைவு இணைப்பு), கொஞ்சம் சொல்யூஷன் (குழாய் ஒட்டும் பசை). மாடிக் குழாய் இன்ஸ்பெக்‌ஷன் சேம்பருக்குள், அதாவது வீட்டுக் கழிவுநீர் தெருக் குழாய்க்குப் போகும் வழியில் உள்ள தொட்டிக்குள், போய்விடும். "எல்லா வீட்லயும் இப்படித்தான் சார் விட்டிருக்கோம்" என்பார். உண்மையும் அதுதான்.

இங்கே இன்னொரு கசப்பும் உண்டு. ஒழுங்காக இருப்பவருக்கு ஒழுங்கால் லாபமில்லை. குழியைச் சுத்தமாக வைத்திருப்பவர் வீட்டிலும், பக்கத்து நாற்பது வீடுகளின் மாடித் தண்ணீரால் கழிவுநீர் பொங்கும். இரண்டு மழைக்காலம் பொறுப்பார். மூன்றாவதில் அவரும் கடப்பாறையைத் தேடுவார். போதாததற்கு, பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுச் சாலை போட்டுப் போட்டு, படியேறிப் போன வீடுகள் படியிறங்கிப் போகும் வீடுகளாகிவிட்டன. சுரண்டிவிட்டுத்தான் போட வேண்டும் என்று 2021-இல் தலைமைச் செயலாளரே உத்தரவிட வேண்டியிருந்தது. அரசின் விதியை அரசு வேலையே மீறுவதைப் பார்த்தவரிடம் போய் மூடியைத் திறக்காதீர்கள் என்று சொல்ல, எங்களுக்கே சற்றுக் கூச்சமாக இருக்கும்.

எதிர்த் திசை மீறலும் இதே அளவு நடக்கிறது: மழைநீர் வடிகாலில் கழிவுநீரை விடுவது. 2011-இல் மாநகராட்சி எல்லை 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426-க்கு விரிந்தது. சேர்ந்த பகுதிகள் பலவற்றில் அப்போது பாதாள சாக்கடை கிடையாது, செப்டிக் டேங்க்தான். நிலத்தடி நீர் உயரும்போது டேங்க் சீக்கிரம் நிரம்பும், லாரிக்குக் காசு. ராத்திரியோடு ராத்திரியாக வடிகால் சுவரில் ஓட்டை போட்டு ஒரு குழாயைச் செருகிவிடுவார்கள். கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. மழையில்லாத நாளில், காலை ஏழிலிருந்து ஒன்பதுக்குள் வடிகாலின் வண்டல் தொட்டி மூடியைத் திறந்தால், தண்ணீர் ஓடுகிறதென்றாலே அது கழிவுநீர். எந்த வீடு என்று தெரிய, கழிப்பறையில் சாயப்பொடி கரைத்து ஊற்றினால் போதும். கஷ்டம் அதற்குப் பிறகுதான். சிமெண்ட் வைத்து அடைத்தால் கழிவுநீர் தெருவுக்கு வரும், புகார் எங்கள் மேல் வரும், ஒரு வாரத்தில் பக்கத்திலேயே புது ஓட்டை. இணைப்புக் கொடுக்காமல் அடைப்பு மட்டும் செய்யும் நடவடிக்கையில் எனக்கு நம்பிக்கை இல்லை.

ஓட்டல்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எண்ணெயைப் பிடித்து நிறுத்தும் கிரீஸ் ட்ராப் இருக்கும், ஆனால் சுத்தம் செய்யாத கிரீஸ் ட்ராப் வெறும் தொட்டிதான். எண்ணெய் குழாயில் சோப்புக்கட்டி போல் உறையும், அதில் நாப்கினும் முடியும் சிக்கும்.

இதெல்லாம் போய்ச் சேரும் கடைசி இடம் ஒரு மனிதனின் உடம்பு. அடைப்பு என்றதும் அவசரத்தில் தெரிந்த ஆளைக் கூப்பிட்டு இறங்கச் சொல்லிவிடுகிறார்கள். மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடை செய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பாதுகாப்பு ஏற்பாடில்லாமல் சாக்கடையிலோ செப்டிக் டேங்க்கிலோ ஆளை இறக்கினால் முதல் முறைக்கு இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இறப்பு நேர்ந்தால் குடும்பத்துக்கு 30 லட்சம் இழப்பீடு என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. "அவங்களுக்குப் பழக்கம் சார்" என்பதுதான் வீட்டுக்காரர்கள் சொல்லும் பதில். ஹைட்ரஜன் சல்பைடுக்குப் பழக்கம் கிடையாது. காற்றைவிடக் கனமான வாயு, அடியில் தங்கும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. நாற்றம் இல்லை, உள்ளே சரியாக இருக்கிறது என்று நினைத்து இறங்குபவர்தான் மயங்கி விழுகிறார். தூக்கப் போகும் இரண்டாவது ஆளும் அப்படியே விழுகிறார். இந்த ஒரு மீறலுக்கு மட்டும் நான் எந்தச் சமாதானமும் சொல்ல மாட்டேன். கழிவை உறிஞ்சி எடுக்கும் சூப்பர் சக்கர் வண்டி வர ஒரு நாள் ஆனாலும் காத்திருக்கத்தான் வேண்டும்.

எது வேலை செய்கிறது என்று கேட்டால், நோட்டீஸை விடச் சாயப்பொடி. ஒரு மாடிக் குழாயில் சிவப்புச் சாயத்தை ஊற்றி, தெரு மேன்ஹோலில் அது வந்து இறங்குவதை, கழிவுநீர் பொங்கும் வீட்டுக்காரரையும் அந்த மாடிக் குழாயின் வீட்டுக்காரரையும் பக்கத்தில் நிற்க வைத்துக் காட்டினால், வாக்குவாதத்தின் தன்மையே மாறிவிடும். பெரும்பாலும் அவர்களே பேசி எல்போவைத் திருப்பி வைத்துவிடுவார்கள். இதைச் செப்டம்பரில் செய்ய வேண்டும். அக்டோபர் பாதிக்கு மேல் சென்னையில் பிளம்பர் கிடைப்பதில்லை.