ஓட்டுக்குள் ஒடுங்காத தலை

நிலாவெளிக்கு ஏழு மணிக்கு முதலே போய்ச் சேருங்கள், வெயில் ஏறினால் ஆட்கள் கூடிவிடுவார்கள் என்று அக்கா இரவே சொல்லிவிட்டார். அவர் திருகோணமலை உவர்மலையில் இருபது வருடமாக இருக்கிறவர். கடல் விஷயத்தில் அவர் சொன்னால் நான் மறுபேச்சுப் பேசுவதில்லை. வவுனியாவிலிருந்து பஸ்ஸில் வந்த களைப்பு எனக்குத்தான். மகன் விடிய ஐந்து மணிக்கே எழும்பி, நீச்சல் கண்ணாடியை நெற்றியில் மாட்டிக்கொண்டு கதவடியில் நின்றான். ஒன்பது வயது. கோணேசர் கோயில், கன்னியா வெந்நீர்க் கிணறு, கோட்டைக்குள் திரியும் புள்ளிமான் என்று நான் போட்ட பட்டியல் எதுவும் அவனுக்கு ஏறவில்லை. ஆமை பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

கடற்கரையில் வனஜீவராசிகள் திணைக்களத்தின் டிக்கெட்டை எடுத்துக்கொண்டு பைபர் போட்டில் ஏறினோம். போட் ஓட்டிய அண்ணனுக்கு ஐம்பது வயதிருக்கும். "தங்கச்சி, பவளத்தில மட்டும் கால் வைக்கவேண்டாம். தம்பிக்கும் சொல்லி வையுங்கோ" என்றார். புறாமலைத் தீவு கரையிலிருந்து ஒரு கிலோமீட்டர்தான். வெள்ளைக்காரர் காலத்தில் சுடப் பழகிய இடம், 1963இல் சரணாலயம், 2003இலிருந்து தேசிய பூங்கா. பாறை இடுக்குகளில் மாடப்புறாக்கள் இன்னும் இருக்கின்றன. கரை முழுக்க செத்த பவளத் துண்டுகள். ஒவ்வொரு அடிக்கும் உடைந்த பீங்கான் மேல் நடக்கிற சத்தம் கேட்டது.

அரை மணித்தியாலம் மீன்களைத்தான் பார்த்தோம். பிறகு அண்ணன் தண்ணீருக்குள் என் கையைப் பிடித்து ஒரு பக்கம் காட்டினார். முதலில் கல் என்றுதான் நினைத்தேன். கல்லுக்கு ஒரு கிளிமூக்கு இருந்தது. பவளத்தின் இடுக்குக்குள் அந்த மூக்கை விட்டுக் கடற்பஞ்சைக் கிள்ளி இழுத்துக்கொண்டிருந்தது. முன்காலைப் பாறையில் ஊன்றி, கழுத்தை வளைத்து ஒரு இழுப்பு, மெல்லல், மறுபடி ஒரு இழுப்பு. ஓட்டின் செதில்கள் கூரை ஓடு மாதிரி ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. விளிம்பு பின்பக்கம் அரிவாள் பல்லாக முடிந்தது. அழுங்காமை. எறும்பு தின்னும் அழுங்கின் முதுகைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பெயரின் பொருத்தம் விளங்கும்.

எங்களை ஒரு கண்ணால் பார்த்தது, தின்பதை விடவில்லை. சிறிது நேரத்தில் அவசரமே இல்லாமல் மேலே வந்து, தலையை நீட்டி ஒரு மூச்சு, இன்னொரு மூச்சு. பிறகு கீழே போய்விட்டது.

போட்டில் ஏறியதும் மகன் கேட்டான்: "அம்மா, நாங்கள் இவ்வளவு கிட்டப் போயும் அது ஏன் தலையை உள்ளுக்கு இழுக்கேல்ல?"

நான்தான் அவனுக்கு அந்தக் குறளைச் சொல்லிக் கொடுத்தவள். ஆமை போல ஐந்தையும் அடக்கு. வள்ளுவர் கண்ட ஆமை குளத்து ஆமையாகவோ தரை ஆமையாகவோ இருந்திருக்க வேண்டும். கடலாமைக்கு அடக்கத் தெரியாது. அதன் உடம்பில் அதற்கு இடமே இல்லை. நீந்துவதற்காக ஓடு தட்டையாகி, கால்கள் துடுப்பாகி, தலை வெளியிலேயே நின்றுவிட்டது. ஓடு அது ஏறி உட்கார்ந்திருக்கும் வீடும் அல்ல. முதுகெலும்பும் விலா எலும்பும் விரிந்து ஒட்டித்தான் ஓடாகியிருக்கிறது. பத்துக் கோடி ஆண்டுக்கு மேலாக இந்த உடம்போடு கடலாமைகள் வாழ்ந்து வந்திருக்கின்றன. சுறாவிடமிருந்து தப்ப அது போதுமாக இருந்தது.

எங்களிடமிருந்து தப்பப் போதவில்லை. அழுங்காமை ஓட்டின் மேல் இருக்கும் பதின்மூன்று பெரிய செதில்களுக்காக உலகமே அதைத் துரத்தியது. ஜப்பானில் அந்தச் செதிலுக்கு பெக்கோ என்று பெயர். சீப்பு, கொண்டை ஊசி, மூக்குக்கண்ணாடிச் சட்டம் எல்லாம் செய்தார்கள். எங்கள் நாட்டிலும் 19ஆம் நூற்றாண்டில் கரையோரச் சிங்கள ஆண்கள் தலையில் செருகிய அரைவட்டச் சீப்பு இந்த ஓட்டில் செய்ததுதான். அந்தக் காலத்தில் இலங்கையில் இருந்த ஆங்கிலேய அதிகாரி எமர்சன் டெனன்ட், உயிருள்ள ஆமையை நெருப்பின் மேல் பிடித்துச் செதிலைக் கழற்றி, மறுபடி கடலில் விட்டார்கள் என்று எழுதியிருக்கிறார். அதை வாசித்த நாளிலிருந்து பழைய பொருட்கள் விற்கும் கடையில் தேன் நிறச் சீப்பைக் கண்டால் எனக்கு வயிற்றைப் பிசையும். உலக வியாபாரத்துக்குத் தடை வந்து நெடுங்காலம் ஆகிறது. ஆனாலும் அழிந்துவரும் உயிரினங்களுக்கான உலகச் சிவப்புப் பட்டியலில் அழுங்காமை இன்றைக்கும் மிக அருகிப்போன இனம். இறைச்சிக்கும் அதைப் பிடிக்கக் கூடாது. கடற்பஞ்சில் இருக்கும் நஞ்சு அதன் உடம்பில் சேர்ந்துவிடுவதால், தின்று செத்தவர்கள் உண்டு. "அழுங்காமைய மட்டும் அப்பா காலத்திலயும் எங்கட ஆக்கள் தொடமாட்டினம்" என்றார் அண்ணன். மற்ற ஆமைகளையும் முட்டைகளையும் எடுத்த காலம் இருந்தது, 1972இல் சட்டம் இறுகிய பிறகும் சிலகாலம் இருந்தது என்பதை அவர் மறைக்கவில்லை.

உலகத்தில் கடலாமை ஏழு இனம். அதில் ஐந்து இலங்கைக் கரைகளில் முட்டையிட வருகின்றன: பேராமை, சிற்றாமை, அழுங்காமை, பெருந்தலை ஆமை, ஏழுவரி ஆமை. இதை அண்ணன் விரல் மடக்கி எண்ணிக் காட்டிக்கொண்டிருந்தபோதுதான் மகன் அதைக் கண்டான்.

தண்ணீரில் பச்சையாக ஏதோ மிதந்தது, பாசி மாதிரி. அண்ணன் இஞ்சினைக் குறைத்தார். பாசி இல்லை, அறுந்த வலை. நடுவில் ஒரு சிற்றாமை. தமிழ்நாட்டில் பங்குனி ஆமை என்பார்கள்.

அண்ணனும் உதவிக்கு வந்த பையனும் வலையோடு சேர்த்து அதை போட்டுக்குள் இழுத்தார்கள். முப்பது கிலோவுக்குக் குறையாது. வலப்பக்க முன்காலில் வலையின் தங்கூசி (நைலான்) நூல் பல சுற்றுச் சுற்றி, தோலை அறுத்துக்கொண்டு உள்ளே போயிருந்தது. அறுந்த இடம் வெளுத்துப்போய், ஓரத்தில் பச்சைப்பாசி படிந்திருந்தது. எவ்வளவு நாளாக இப்படி இழுத்துக்கொண்டு திரிந்ததோ. அண்ணன் ஈரத் துண்டை அதன் கண்மேல் போட்டார். பிறகு மீன் வெட்டும் கத்தியின் நுனியைத் தோலுக்கும் நூலுக்கும் நடுவே கிடையாக நுழைத்து, மேல்நோக்கி ஒவ்வொரு இழையாக அறுத்தார். ஒரு இழை அறும்போதெல்லாம் ஆமை மூச்சு விட்டது. பெரியவர்கள் இருமல் முடிந்து விடுகிற பெருமூச்சு போலிருந்தது. இழுப்பதற்கு அதனிடம் ஓட்டுக்குள் இடமில்லை. தலை, நான்கு கால் எல்லாம் எங்கள் முன்னால் வெளியே கிடந்தன.

துண்டு நழுவியபோது கண்ணில் தண்ணீர் வழிந்தது. கடலாமைக்குக் கண்ணோரம் உப்புச் சுரப்பி இருக்கிறது, குடித்த கடல்நீரின் உப்பை அப்படித்தான் வெளியேற்றுகிறது. எனக்கு அது தெரியும். மகன் "அழுது" என்றான். அப்போது நான் ஒன்றும் சொல்லவில்லை.

"இது எங்கட வலை இல்ல தங்கச்சி. ஆழ்கடல் வலை. எங்கயோ அறுந்து, எந்த நாட்டில இருந்து வந்ததோ" என்று அண்ணன் முடிச்சைக் காட்டினார். ஆள் விட்ட பிறகும் வலை பிடித்துக்கொண்டே இருக்கிறது. கடலாமை நுரையீரலால் மூச்சு விடுகிற பிராணி. வலை அதை மேலே வரவிடாமல் பிடித்து வைத்தால் தண்ணீரிலேயே மூழ்கிச் சாகும். இது மிதந்ததால் தப்பியது.

கடைசி இழை அறுந்ததும் இருவரும் ஓட்டின் இரண்டு பக்கத்தையும் பிடித்து, போட்டின் விளிம்பால் மெதுவாக இறக்கினார்கள். கொஞ்ச நேரம் அசையவில்லை. பிறகு இடக்காலால் ஒரு துழாவல், வலக்காலால் அரைத் துழாவல். கோணலாகத்தான் போனது, ஆனால் போனது. வலையை அண்ணன் சுருட்டிக் கால்மாட்டில் போட்டார். அது கரைக்கு வரும் வரைக்கும் நாறிக்கொண்டிருந்தது.

கரையில் அடம்பன் கொடி படர்ந்த மணலில் உட்கார்ந்து பிளேன்ரீ குடித்தோம். பத்து மணிக்கே மணல் காலைச் சுட்டது. ஆமை முட்டைக்குள் இருப்பது ஆணா பெண்ணா என்பதை அந்தச் சூடுதான் முடிவு செய்கிறது. சூடு ஏற ஏறப் பெண். அவுஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டில் வடக்குப் பகுதிப் பேராமைக் குட்டிகளில் 99 வீதம் பெண் என்று 2018இல் வந்த ஆய்வு சொன்னது. அதே பேராமைக்குத்தான் நல்ல செய்தியும் வந்தது. முட்டையையும் தாயையும் காத்து, வலைகளை மாற்றி, பல நாடுகள் ஐம்பது வருடம் பாடுபட்டதில், 2025 ஒக்டோபரில் அழிவாபத்துப் பிரிவிலிருந்து அது நீக்கப்பட்டது. இதை அண்ணனிடம் சொன்னபோது அவர் முகம் மலர்ந்ததை நான் மறக்கமாட்டேன். "அப்ப பலன் இருக்குது" என்றார்.

இரவு அக்கா வீட்டில் புட்டும் மீன்குழம்பும் சாப்பிடும்போது மகன் அடுத்த கேள்வியைப் போட்டான். உள்ளுக்கு இழுக்கத் தெரிந்த தரை ஆமைக்குப் பயமில்லைத்தானே?

அவனுக்கு ஜோர்ஜின் கதையைச் சொன்னேன். பசிபிக் கடலில் இருக்கும் கலாபகசுத் தீவுகளில் அந்தக் காலத்துக் கப்பல்காரர் பெரிய தரை ஆமைகளைத் தூக்கிக்கொண்டு போய், கப்பலின் அடித்தட்டில் உயிரோடு அடுக்கினார்கள். தீனி தண்ணீர் இல்லாமல் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும் என்பதால், வேண்டியபோது வெட்டிச் சமைக்க வசதி. தலையை உள்ளே இழுத்துக்கொள்கிறதை அடுக்குவது இன்னும் சுலபம். பிறகு பின்டா தீவில் ஆடுகளை விட்டார்கள், அவை புல்பூண்டை மேய்ந்து முடித்தன. 1971இல் அந்தத் தீவில் ஒரே ஒரு ஆண் ஆமையைக் கண்டார்கள், அதுதான் ஜோர்ஜ். நாற்பது வருடம் துணை தேடினார்கள். 2012 ஜூன் 24 அன்று அது செத்தது, அதோடு அந்த இனமும் முடிந்தது. அதே தீவுக்கூட்டத்தின் எஸ்பனோலா தீவில் மிச்சமிருந்தவை பதினான்கு. அவற்றோடு அமெரிக்க விலங்குக்காட்சிச் சாலையிலிருந்து வந்த தியேகோ என்ற ஆணையும் சேர்த்து வளர்த்து, ஆயிரக்கணக்கில் குஞ்சுகளைத் தீவில் விட்டு, 2020இல் அந்தப் பதினைந்து கிழடுகளையும் சொந்தத் தீவுக்கே அனுப்பினார்கள். மகன் தியேகோவின் கதையை இரண்டாம் முறை சொல்லச் சொன்னான்.

என் கதையையும் சொன்னேன். என் சின்ன வயதில் எங்கள் வளவுக்குள் ஒரு நட்சத்திர ஆமை வந்தது. கறுத்த ஓட்டில் மஞ்சள் கோடுகள் நட்சத்திரமாக விரியும். ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று பாட்டி விரட்டச் சொன்னா. நாங்கள் கேட்கவில்லை, தகரப் பீப்பாய்க்குள் ஒளித்து வைத்துச் சோறு போட்டோம். மூன்றாம் மாதம் செத்துப்போனது. இன்று அதே ஆமையைப் பயணப்பெட்டிக்குள் துணி மாதிரி அடுக்கி, வெளிநாட்டுச் செல்லப்பிராணிச் சந்தைக்குக் கடத்துகிறார்கள். 2019இல் உலகளவில் அதன் வியாபாரத்தையே தடைசெய்ய வேண்டியதாயிற்று. பாட்டியின் சொல்லை நான் இப்போது மாற்றித்தான் கேட்கிறேன். மனிதர் வீட்டுக்குள் புகுந்தால் உருப்படாமல் போவது ஆமை.

அடுத்த நாள் காலைப் பூசை முடிந்து, கோணேசர் கோயிலின் பின்பக்கம் மலை விளிம்பில் நின்றோம். பிள்ளைவரம் கேட்டுக் கட்டிய குட்டித் தொட்டில்கள் மரத்தில் ஆடிக்கொண்டிருந்தன. மிகக் கீழே, நீலத்தில், ஒரு பழுப்புப் புள்ளி மேலே வந்தது. மகன்தான் முதலில் கண்டான். அந்தப் புள்ளி ஒரு மூச்சு எடுத்து இறங்கியதும் அவனும் கன்னத்தை உப்பி மூச்சை அடக்கிக்கொண்டான், அது திரும்ப வரும்வரைக்கும் விடப்போவதில்லை என்று கையால் காட்டினான். அரை நிமிடத்தில் முகம் சிவந்து மூச்சை விட்டுவிட்டு, கம்பியைப் பிடித்தபடி கடலையே பார்த்துக்கொண்டு நின்றான். ஆமை இன்னும் வரவில்லை.